அபெலினோவின் ஜோச்சி

பெருங்காட்டின் நடுவே ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் சாந்தா ருஃபீனாவில் வீட்டைப் பூட்டும் வழக்கம் இல்லை. பாதி வீடுகளுக்குக் கதவே கிடையாது. மழைக்காலத்தில் கஸ்தான்யா மரத்தின் காய்கள் விழுந்து ஓய்ந்த பிறகு காட்டுக்குள் போவோம். ஒவ்வொரு காய்க்குள்ளும் பத்திருபது கொட்டை இருக்கும், அதை விற்றுத்தான் எங்கள் பிழைப்பு. பொறுக்கிய காய்களை மரத்தடியிலேயே குவித்துப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுவோம். அந்தக் குவியல் வாரக்கணக்கில் கிடந்தாலும் இன்னொருவன் கை அதில் படாது. எங்கள் ஊரில் ஒருவன் அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடிப்போகலாம், திருவிழாவில் குடித்துவிட்டுப் பாதிரியாரை ஏசலாம். நாலு நாள் பேசுவோம், அப்புறம் அவனையே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுவோம். அடுத்தவன் கொட்டையில் கைவைத்தவனுக்கு மட்டும் அந்த மன்னிப்பு கிடையாது.

அப்படிக் கைவைத்தான் என்று ஊர் கூடித் தீர்மானித்து ஊரைவிட்டு அனுப்பியது ஒரே ஒருவனைத்தான். டொரீலாவின் தம்பி அபெலினோ. அனுப்பியதோடு விட்டோமா என்றால் அதுவும் இல்லை. அதை ஒரு கேலிப்பேச்சாக வேறு ஆக்கிவைத்திருந்தோம். டப்பாவில் சர்க்கரை குறைந்தால், "அபெலினோவோட ஜோச்சி வந்துட்டுப் போயிருக்கும்" என்போம். தூண்டிலில் இரை காணாமல் போனாலும் அதே பேச்சுதான். அபெலினோவைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள்கூட அதைச் சொல்லிச் சிரிக்கும்.

ஜோச்சி என்பது எங்கள் காட்டுப் பிராணி. முயலைவிடப் பெரியது, வால் இல்லாத மாதிரி இருக்கும், பின்புறம் செம்பட்டை மயிர். அரிவாளால் ரெண்டு மூன்று போடு போட்டால்தான் திறக்கிற கஸ்தான்யாக் காயை அது பல்லாலேயே குடைந்து திறந்துவிடும். மரவள்ளிக் கிழங்கையும் தோண்டித் தின்னும். அதனால் நாங்கள் அதைச் சுடுவோம், சுட்டால் சமைப்போம். கறி நன்றாக இருக்கும்.

அந்த வருஷம் டொரீலாவும் அவள் புருஷன் நெமேசியோவும் ஆற்றங்கரையில் இல்லை. கரையிலிருந்து நன்றாக உள்ளே, காட்டை ஒட்டி வீடு கட்டியிருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டை காயவைக்கும் பரண், கால்களின்மேல் தூக்கிக் கட்டியது, ஏறி இறங்கச் சாய்வாக ஒரு பலகை. பனையைப் பிளந்து பரப்பிய தரையில் இடுக்கு இருக்கும், காற்று வருவதற்காக. அபெலினோவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, பகலில் கொட்டைகளை மண்வெட்டியால் புரட்டிப்போட்டுவிட்டு, ராத்திரி பரணிலேயே ஊஞ்சல் படுக்கை கட்டித் தூங்குவான். சோம்பேறி என்று சொல்ல முடியாது, ஆனால் எதையாவது வேடிக்கை பார்த்துக்கொண்டே இருப்பவன். எறும்பு வரிசை போனால் அது எங்கே போகிறது என்று கூடவே போய்விடுவான். நெமேசியோவுக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

பரணின் ஓரத்தில் கொட்டை மெல்ல மெல்லக் குறைந்தது. மொத்தமாகப் பார்த்தால் ஒரு தகர டின் அளவு இருக்கும், அவ்வளவுதான். ஆனால் குறைந்தது நிஜம். அதே சமயத்தில் அபெலினோவின் காலில் புது ரப்பர் பூட்ஸ் வந்திருந்தது. ஆற்று வியாபாரியிடம் கருவாட்டுக்கு மாற்றாக வாங்கியது என்றான். வியாபாரியின் படகு அதற்குள் ஆற்றோடு கீழ்ப்பக்கம் போய்விட்டது. யாரைக் கேட்பது?

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஊர் கூடியது. ஜோச்சிதான் கொண்டுபோகிறது, நானே கண்ணால் பார்த்தேன் என்றான் அபெலினோ. நெமேசியோ எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஜோச்சி தின்னா ஓடு கெடக்கணும். எங்க வீட்டச் சுத்தி ஒரு ஓடு கெடயாது. ஓடு எங்க?"

"தின்னல மச்சான். கொண்டுபோய்ப் பொதைக்குது. ஒண்ணு ஒண்ணா."

செல்சோ என்று ஒருவர். எங்கள் ஊரின் வாய். எழவு வீட்டிலும் சிரிக்கவைப்பார். "பொதைச்சுட்டு மேல சிலுவை நட்டுச்சா?" என்றார். தாழ்வாரமே அதிர்ந்தது. அபெலினோ சட்டைப்பையிலிருந்து மண் ஒட்டிய ரெண்டு கொட்டைகளை எடுத்து நீட்டினான். தோண்டி எடுத்ததாம். அதோடு அவன் கதை முடிந்தது. ஒளித்துவைத்த இடத்திலிருந்து இவனே எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறானே, எவ்வளவு தைரியம் என்று ஊருக்குக் கோபம்தான் வந்தது. ஜோச்சி புதைக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். காட்டில் கஸ்தான்யாக் கன்று முளைப்பதே அது புதைத்துவிட்டு மறந்ததால்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது காட்டில் நடப்பது. வீட்டுப் பரணிலிருந்து எடுத்துப் போய்ப் புதைக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் ஜோச்சி எங்களுக்கு மரவள்ளி திருடுகிற ஜோச்சி மட்டும்தான்.

ஊர்த்தலைவர் தோன் உபால்டோ கடைசியாக டொரீலாவைப் பார்த்துக் கேட்டார். உன் தம்பி, நீ என்ன சொல்கிறாய்? அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"பரண்ல படுத்தது அவன் ஒருத்தன்தான்."

அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மறுநாள் காலை ரிபெரால்டா நகரத்துக்குப் போகும் படகில் அபெலினோ ஏறினான். பூட்ஸைக் கழற்றித் துறைப்படியில் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு போனான். அந்த பூட்ஸை யாரும் தொடவில்லை. வெள்ளம் வந்தபோது ஆறு எடுத்துக்கொண்டது.

நெமேசியோ பரணைப் பிரித்தார், வீட்டையும் பிரித்தார், ஆற்றங்கரைக்கு வந்து புது வீடு கட்டினார். பழைய இடத்தைக் காடு மூடட்டும் என்று விட்டுவிட்டார்கள். முள்மூங்கிலும் கொடியும் குளவிக்கூடுமாக அது ஒரு சுவர் மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பக்கம் போவதற்கு டொரீலாவுக்கு மனசில்லை, மற்றவர்களுக்கு வேலை இல்லை.

ஆறேழு வருஷம் இப்படிப் போயிற்று. அப்புறம் ஒரு மழைக்காலத்தில் ஆறு கரையை அறுத்துக்கொண்டு வந்து நெமேசியோவின் வாழைத்தோட்டம், நெல் போட்ட தாழ்வு நிலம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போயிற்று. வீட்டுத் தூணுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. வேறு வழியில்லை. பழைய இடத்தை வெட்டி, எரித்து, நெல் போட்டால்தான் அடுத்த வருஷம் சோறு. நெமேசியோ ஊரைக் கூட்டுவேலைக்குக் கூப்பிட்டார். கூப்பிட்டவர் வீட்டுச் சாப்பாடு, சோளக் கள். வந்தவர்களுக்கு அவர் பிறகு வேலை செய்து கழிக்க வேண்டும். இதுதான் எங்கள் ஏற்பாடு.

தெற்கிலிருந்து குளிர்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இந்த வேலைக்கு அதுதான் நாள். கீழ்ச்செடிகளை முதலில் அரிவாளால் சாய்ப்பது, பெரிய மரத்துக்குப் பிறகுதான் கோடரி. ஆட்கள் ரெண்டு அணியாகப் பிரிந்து, ரெண்டு மூலையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்திக்க வேண்டும். யார் முதலில் நடுவுக்கு வருகிறார்களோ அவர்களுக்குக் கள்ளில் முதல் குடம். இந்தப் பந்தயம் இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் மத்தியானம்வரை குளவியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

செல்சோ ஒரு அணிக்குத் தலைவர், நெமேசியோ இன்னொன்றுக்கு. அரிவாள் சத்தத்துக்கு மேல் செல்சோவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "கொம்பாத்ரே, உங்க அரிவாளு வெட்டுதா, இல்ல செடிக்கு முத்தம் குடுக்குதா?" என்றார். செல்சோவின் மகளுக்கு நெமேசியோ ஞானத்தகப்பன், அதனால் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. நெமேசியோ பதிலுக்கு, "வாயால வெட்டுறதா இருந்தா இந்நேரம் நீங்க பிரேசிலு எல்லையில இருப்பீங்க கொம்பாத்ரே" என்றார். கொடியோடு கொடி பின்னிக்கிடந்ததால் எதை வெட்டினாலும் அது உடனே விழாது, அந்தரத்தில் தொங்கும். கணுக்கால் உயரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, வீசிக்கொண்டே முன்னால் போவதுதான் வேலை. தலைக்கு மேல் எந்த இலை என்று பார்ப்பவன் பந்தயத்தில் தோற்பான்.

வெயில் உச்சிக்கு வரும் நேரம் டொரீலா சாப்பாட்டோடு வந்தாள். அரிசியில் உப்புக்கண்டம் போட்டுக் கிளறியது ஒரு பெரிய பானை. வறுத்த மரவள்ளி மாவைத் தண்ணீரில் ஊறப்போட்ட சிவே ஒரு வாளி. அவளோடு நானும் இன்னும் ரெண்டு பெண்களும் வந்தோம். அந்த இடத்தில் அவள் கால் வைத்து வருஷங்கள் ஆகியிருந்தன. பழைய பரணின் கால் ஒன்று, கருங்காலி போன்ற வைரம் பாய்ந்த கட்டை, இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தும் பாராததுபோல் அவள் பானையை இறக்கிவைத்தாள். சாப்பாட்டில் ஈ மொய்த்தது. மூடுவதற்கு இலை வேண்டும் என்று வெட்டிப்போட்ட குவியலிலிருந்து கைக்கு வந்த ஒரு கிளையை இழுத்து, இலைகளை உருவினாள்.

ரெண்டு இலையைப் பானைமேல் வைத்துவிட்டு மூன்றாவதை வைக்கப்போன கை அப்படியே நின்றது. நான் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். பாம்பைத் தொட்டுவிட்டாளோ என்று நினைத்தேன். அவள் அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீளமான, தடித்த இலை. ஓரம் அலை அலையாக நெளிந்திருந்தது. எங்கள் ஊரில் கண் தெரியாதவர்கூடத் தடவிப்பார்த்துச் சொல்லிவிடுவார் அது எந்த மரத்து இலை என்று.

"நெமேசியோ. இங்க வா."

"பந்தயத்துல நிக்கிறேன் கெழவி."

"வா."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் அரிவாளோடு வந்தார். அவள் இலையை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைக்க மறந்துபோய் நின்றார். கஸ்தான்யாவை வெட்டக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்களுக்கு அது பாவம். தன் கையாலேயே வெட்டியிருக்கிறோம் என்பதுதான் முதலில் அவரைத் தாக்கியது.

அரிவாள் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஆட்கள் குவியலைப் புரட்ட ஆரம்பித்தார்கள். இங்கே ஒன்று. அதோ இன்னொன்று. ஒன்றரை ஆள் உயரக் கன்றுகள், கட்டைவிரல் பருமனும் மணிக்கட்டுப் பருமனுமாக, கொடிகளுக்குள் நேராக எழும்பி வந்தவை. அடியோடு சாய்ந்து கிடந்தன. வெட்டுப்பட்ட இடத்தில் பச்சை இன்னும் காயவில்லை. வெட்டாத பக்கத்தில் இன்னும் பல நின்றுகொண்டிருந்தன. அவ்வளவு கன்றுகளை ஒரே இடத்தில் எங்களில் யாரும் பார்த்ததில்லை. பெரிய காட்டில் நாள் முழுக்க நடந்தால் ஒன்று ரெண்டு கண்ணில் படும்.

"எப்பிடிய்யா வந்துச்சு இங்க?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டவருக்கும் பதில் தெரியும். தாய்மரம் இருப்பது ஓடைக்கு அந்தப் பக்கம். கஸ்தான்யாக் காய் இரும்புக்குண்டு மாதிரி நேராகக் கீழே விழும், விழுந்த இடத்திலேயே கிடக்கும், தானாக உடையாது. காற்று கொண்டுவராது, பறவை தூக்காது. ஒன்று மனிதன் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜோச்சி திறக்க வேண்டும்.

தோன் உபால்டோ பேசாமல் நடந்து பார்த்தார். நாங்களும் அவர் பின்னால் போனோம். கன்றுகள் பரணின் கால் நின்ற இடத்தைச் சுற்றியே இருந்தன. கிட்டத்தில் நெருக்கமாக, தள்ளிப்போகப் போக விலகி. விழுந்து மக்கிய பனைமரத்தின் ஓரமாக ஒரு வரிசை. கரையான்புற்றை ஒட்டி ஒன்று. பெரிய வேரின் இடுக்கில் ஒன்று. அடையாளம் வைத்துக்கொள்ள ஜோச்சி எந்த இடத்தைத் தேடுமோ அந்த இடமெல்லாம்.

செல்சோவுக்கு வாய் சும்மா இருக்காது. "எந்தத் திருடன்யா திருடினத ஒண்ணு ஒண்ணா நட்டு வெச்சுட்டு..." என்று ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே என்ன சொல்கிறோம் என்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டார். சிலுவை நட்டுச்சா என்று கேட்டதும் அவர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அன்றைக்குத் தாழ்வாரத்தில் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டொரீலா பானைக்குப் பக்கத்திலேயே நின்றாள். நெமேசியோவைப் பார்த்து, கத்தாமல், சந்தையில் சாமான் காட்டுகிற குரலில் சொன்னாள்.

"ஓடு எங்கன்னு கேட்டியே. பாத்துக்க. இதோ நிக்குது."

நெமேசியோ அரிவாளை மண்ணில் குத்தி நிறுத்தினார்.

"கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி மரவள்ளித் தோட்டத்துல ஜோச்சியச் சுட்டியே, ஞாபகம் இருக்கா? மறுநாளு அதோட ஜோடியையும் சுட்ட. நான்தான் தோலு பொசுக்கினேன். நான்தான் கஸ்தான்யாப் பாலு ஊத்திக் கொழம்பு வெச்சேன். தொடைக்கறிய அபெலினோ தட்டுல போட்டேன், புள்ள ஒல்லியா இருக்கானேன்னு." அவள் கன்றுகளைக் காட்டினாள். "பொதைச்சதத் தோண்டித் திங்க அதுங்க உசுரோட இருந்திருந்தா இத்தன மொளச்சிருக்காது. சாட்சிய நம்ம கொன்னு தின்னோம். அவனையும் திங்க வெச்சோம்."

அன்றைக்கு அந்தக் குழம்பில் ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கும் வந்தது.

யாரும் சாப்பிடவில்லை. முதல் குடம் கள் மூடினபடியே இருந்தது. அரிவாளைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போகும்போது அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று சிலர் தயங்கி நின்றார்கள், ஆனால் என்ன சொல்வது? மீதிப்பேர் ஏற்கெனவே பாதை திரும்பிவிட்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டில் நடந்த சண்டையை ஆற்றங்கரை முழுக்கக் கேட்டது. நெமேசியோ கெட்டவர் இல்லை, பசிக்குப் பயந்தவர். வெட்டினது வெட்டினதுதான், இனி ஒட்டவைக்க முடியாது, காய்ந்ததும் தீ வைத்து நெல் போட்டுவிடுவோம் என்றார். கஸ்தான்யாக் கட்டை தீப்பட்டாலும் துளிர்க்கும், எல்லோரும் பார்த்ததுதானே என்றார். அது பொய்யும் இல்லை.

"துளிர்க்கலாம். துளிர்க்காமயும் போகலாம்," என்றாள் டொரீலா. "அப்பிடித்தான் இருக்கும்னு சொல்லித்தான் ஒருத்தன அனுப்பினோம்."

"அப்ப அரிசிக்கு எங்க போறது? உன் தம்பி கொண்டாந்து குடுப்பானா?"

இதைச் சொன்னதும் அவரே பயந்துபோனார். அவள் ஒரு பையில் துணியையும் சிவே மாவையும் போட்டுக்கொண்டாள். அந்தக் கஸ்தான்யாக் கிளையை ஈரத்துணியில் சுற்றினாள். விடிந்ததும் துறைக்குப் போய் ரிபெரால்டா போகும் படகுக்காக உட்கார்ந்தாள். அபெலினோ படகேறிப் போன அதே துறை. படியில் கால் வைக்கும்போது ஓரமாக ஒதுங்கி வைத்ததைப் பார்த்தேன், பூட்ஸ் இன்னும் அங்கேயே இருக்கிற மாதிரி.

ரிபெரால்டாவில் நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அபெலினோ அங்கே ஒரு கொட்டை உடைக்கும் தொழிற்சாலையில் இருந்தான். நீளமான கொட்டகை, வரிசையாக மேஜை, ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கைப்பிடி இயந்திரம். ஒரு கொட்டையை வைத்து, பிடியை அழுத்தி, பருப்பு உடையாமல் ஓட்டைப் பிரிக்க வேண்டும். அப்புறம் அடுத்த கொட்டை. நாங்கள் காட்டில் பொறுக்குகிறதெல்லாம் கடைசியில் அங்கேதான் போகிறது. எங்கள் கொட்டைகளையும் அத்தனை வருஷமாக அவன்தான் உடைத்துக்கொண்டு இருந்திருப்பான் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு கூசியது.

அவனை முதலில் அடையாளம் தெரியவில்லையாம். காதோரம் நரைத்திருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் பிடியை அழுத்தினானாம். அவள் துணியைப் பிரித்துக் கிளையை மேஜைமேல் வைத்தாள். இலைகள் வாடிச் சுருண்டிருந்தன. அவன் கை நின்றது.

"எங்க?" என்றான்.

"பழைய வீட்டுல. பரணச் சுத்தி."

"பனைமரம் ஒண்ணு விழுந்து கெடந்துச்சே, அதோரமா இருக்கா?"

"வரிசையா இருக்கு."

"அங்கதான் போவும். வாயில ஒண்ண வெச்சுக்கிட்டு, பின்னாடி திரும்பிப் பாத்துக்கிட்டே போவும். ஊஞ்சல்ல படுத்துக்கிட்டே பாப்பேன். சிரிப்பா வரும்." அப்புறம் பிடியிலிருந்து கையை எடுத்து, "தொரத்தியிருக்கணும். வேடிக்க பாத்துட்டு இருந்துட்டேன்" என்றானாம்.

அவள் அதைத்தான் தாங்க முடியாமல் சொல்லிச் சொல்லி அழுதாள். திட்டுவான், முகத்தில் துப்புவான் என்று நினைத்துக்கொண்டு போனவளிடம் அவன் தன் தப்பைச் சொல்லியிருக்கிறான். அவள் மன்னிப்புக் கேட்டாள். அவன் கன்றுகளை எரித்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டான். இல்லை என்றாள். பாதியை வெட்டிவிட்டோம் என்றும் சொன்னாள்.

"எரிக்காதீங்க. கட்டையில கொடி ஏறாம பாத்துக்கங்க. வந்துரும்."

ஊருக்கு வா என்று கூப்பிட்டாள். மேஸ்திரி பார்க்கிறார், போ அக்கா என்றான். அக்கா என்று சொன்னதை அவள் முடிந்துவைத்துக்கொண்டு திரும்பினாள்.

அவள் வந்து இறங்கிய அன்றே தோன் உபால்டோவிடம் போய் ஊரைக் கூட்டச் சொன்னாள். அதே தாழ்வாரம். நாங்கள் எல்லோரும் கல்யாண வீட்டில் திருடி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். அவள் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. "பரண்ல படுத்தது அவன் ஒருத்தன்தான்னு இதே எடத்துல சொன்னேன். அத நான் திரும்ப எடுத்துக்கறேன். பரணுக்கு வந்து போனது ஜோச்சி. நீங்களும் ஒங்க சிரிப்பத் திரும்ப எடுத்துக்கங்க" என்றாள்.

எங்கள் வழக்கப்படி, ஒரு கஸ்தான்யாவை முதலில் கண்டு சொன்னவனுக்குத்தான் அந்த மரம். செல்சோ எழுந்தார். இதை முதலில் கண்டு சொன்னவன் அபெலினோ, மரமாவதற்கு முன்பே சொன்னான், நாம்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அதனால் அந்தக் கன்றுகள் அவனுக்குத்தான் என்றார். அவர் பேச்சுக்கு யாரும் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. தோன் உபால்டோ எல்லோரையும் பார்த்தார். கைகள் உயர்ந்தன. கடைசியாக நெமேசியோவின் கையும் உயர்ந்தது. அடுத்த வருஷத்து நெல்லை அந்தக் கையோடு அவர் விட்டுக்கொடுத்தார். அவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அந்த வருஷம் அவர்கள் வீட்டில் மரவள்ளியும் மீனும்தான். ஊரில் ஒவ்வொருவரும் அரிசி கொஞ்சம் கொஞ்சம் கொண்டுபோய் வைத்தோம். நெமேசியோ முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பழைய இடத்தைச் சுற்றிக் காய்ந்ததையெல்லாம் ஒதுக்கினார், பக்கத்து நிலத்துத் தீ தாவி வராமல். அப்புறம் தினமும் போக ஆரம்பித்தார். கட்டைகளில் ஏறும் கொடியைக் கையாலேயே பிடுங்குவார். என்ன கொம்பாத்ரே, ஜோச்சிக்குக் காவலா என்று கேட்க செல்சோவுக்கு நாக்கு துடித்திருக்கும். கேட்கவில்லை.

முதல் மழை இறங்கியபோது கட்டைகளின் பக்கவாட்டில் செம்பு நிறத்தில் துளிர் வந்தது. ஒரு கட்டைக்கு ரெண்டு, மூன்று. எல்லாவற்றிலும் வரவில்லை. வராதவற்றுக்குப் பக்கத்தில் டொரீலா ஒவ்வொரு குச்சி நட்டுவைத்தாள். புதைத்த இடத்துக்கு நடுகிற மாதிரி.

காய்கள் விழுந்து ஓய்ந்து, ஆட்கள் காட்டுக்குள் போக ஆரம்பித்த நாட்களில் ஒரு படகு வந்தது. அபெலினோ இறங்கினான். தோளில் ஒரு பை, காலில் செருப்பு. துறையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். அவன் யாரோடும் பேசவில்லை, யாரையும் முறைக்கவும் இல்லை. அக்கா வீட்டைத் தாண்டிப் பழைய இடத்துக்கு நடந்தான். பரணின் கால் கட்டையிலும் ஒரு கன்றுக்குப் பக்கத்து மரத்திலும் ஊஞ்சல் படுக்கையைக் கட்டினான். அப்புறம் ஒவ்வொரு கன்றாகப் போய்ப் பார்த்தான். குச்சி நட்ட இடங்களில் கொஞ்சம் கூடுதலாக நின்றான்.

டொரீலா வீட்டில் அடுப்பைப் பற்றவைத்த வேகத்தில் புகை கண்ணை மறைத்தது. என்னையும் கூட வரச்சொன்னாள், தனியாகப் போகத் தைரியம் இல்லை. நாங்கள் போனபோது அவன் ஊஞ்சலில் உட்கார்ந்து காட்டு ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே புதரில் செம்பட்டையாக ஏதோ அசைந்து மறைந்தது. அவள் தட்டை நீட்டினாள். சோறு, வாழைக்காய், மேலே இலை போட்டு மூடிய குழம்பு. அவன் வாங்கவில்லை. குழம்பின் வாசனையை மட்டும் பிடித்துப் பார்த்தான்.

"என்ன கறி?" என்றான்.

அவள் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"மீனு," என்றாள். "கன்னுங்களப் பாத்த அன்னைல இருந்து மீனுதான்டா."

அவன் இலையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு தட்டை வாங்கிக்கொண்டான்.